ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தப் படம்?

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்போம். அப்பா இருந்தபோது தொடங்கிய பழக்கம்; அவர் போன பிறகும் விடவில்லை. படத்தைத் தேர்ந்தெடுப்பது முறைவைத்து நடக்கும். அண்ணன் முறை வந்தால் பெரிய நடிகர் ஒருவரின் படம். அண்ணி முறை வந்தால் பழைய கறுப்பு வெள்ளைப் படம். இந்த மாதம் என் முறை. இரண்டு வாரமாக இதே யோசனையாக இருக்கிறேன்.

நான் சினிமாவைப் பாடமாகப் படித்தவள் அல்ல. திரைப்பட விழா எதற்கும் போனதில்லை. அலுவலகம் முடிந்து வந்து, சமையலறை வேலை ஓய்ந்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படம் பார்க்கிறவள். அப்படிப் பார்த்ததில்தான் கடந்த நான்கைந்து ஆண்டுகளில் சிறிய படங்களும் ஆவணப்படங்களும் என்னைப் பிடித்துக்கொண்டன. பாட்டும் சண்டையும் இல்லாமல், தாங்கள் சொல்ல வந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற படங்கள். அவற்றைப் பார்த்து முடித்த இரவுகளில் பக்கத்தில் பேச ஆளில்லாமல் விளக்கை அணைத்துப் படுத்திருக்கிறேன். அதனால்தான் ஒரு முறையாவது வீட்டார் எல்லோருடனும் இப்படி ஒரு படத்தைப் பார்க்க வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்படுகிறேன்.

கூடத்தில் உட்காரப்போகிறவர்கள் ஏழு பேர். அம்மாவுக்கு 72 வயது. மேலூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பிறந்து, கல்யாணமாகி மதுரைக்கு வந்தவர். தினமும் தமிழ்ப் பத்திரிகையை வரி விடாமல் படிப்பார், ஆங்கிலம் தெரியாது. முழங்கால் வலியால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார முடியாது. அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஆறு நாளும் நின்றே வேலை பார்க்கிறவர், ஏழாம் நாள் நாற்காலியில் சாய்ந்தால் கண் சொருகிவிடும். அண்ணி, நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவர்கள் மகள், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன், என் கணவர், நான்.

கையில் ஐந்து படங்கள் வைத்திருந்தேன். 'ஆல் தட் ப்ரீத்ஸ்', 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' என்ற இரண்டு ஆவணப்படங்கள். பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்'. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்', 'கொட்டுக்காளி'. இந்த ஐந்தில் எது நல்ல படம் என்று கேட்டால் என்னால் உடனே பதில் சொல்ல முடியும். இந்த ஏழு பேருக்கு முதலில் எதைப் போடுவது என்பதுதான் திணறவைக்கிறது.

இந்தத் திணறலுக்குக் காரணம் உண்டு. போன முறை என் தேர்வு பொய்த்துப்போனது. அன்று நான் போட்டது 'ஆல் தட் ப்ரீத்ஸ்'. ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், இன்றைக்கும் அதுதான்.

டெல்லியின் வஜிராபாத் பகுதியில் நதீம், சவுத் என்று இரண்டு சகோதரர்கள். சோப்புத் திரவம் வைக்கும் டிஸ்பென்சர்களைச் செய்து விற்பது அவர்கள் தொழில். அதே அடித்தள அறையில், இயந்திரங்களுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவே, வானத்திலிருந்து விழுகிற கரும்பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். மாஞ்சா நூல் சிறகை அறுத்துவிடுகிறது. நகரத்தின் நச்சுக்காற்று மற்றதைச் செய்துவிடுகிறது. பருந்து மாமிசம் தின்னும் பறவை என்பதால் பறவைகளுக்கான ஒரு மருத்துவமனை அதைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. அங்கேதான் இவர்களுடைய வேலை தொடங்கியது. ஷௌனக் சென் இயக்கிய இந்தப் படம் 2022 இல் சன்டான்ஸ் விழாவில் உலக ஆவணப்படப் பிரிவின் முதன்மைப் பரிசையும், அதே ஆண்டு கான் விழாவில் ஆவணப்படத்துக்கான தங்கக் கண் விருதையும் பெற்றது. மறு ஆண்டு ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

விருதுகளை ஒதுக்கிவிட்டு ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். அவர்களுக்குத் துணையாக இருக்கும் சாலிக் என்ற இளைஞன் ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிறான். சட்டைப் பையில் ஏதோ அசைகிறது. கையை விட்டு எடுத்தால் ஓர் அணில்குஞ்சு. அதைத் தடவிக்கொடுத்துவிட்டு மறுபடி பைக்குள் விட்டுக்கொள்கிறான். யாரும் எதையும் விளக்குவதில்லை. மனிதன், பறவை, எலி, கொசு எல்லாம் ஒரே காற்றைத்தான் குடிக்கின்றன என்று ஒன்றரை மணி நேரம் சொற்பொழிவு ஆற்றினாலும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது. வெளியே தெருவில் குடியுரிமைச் சட்டத்துக்கு எதிரான போராட்டம் நடக்கிறது, நகரம் கொதிக்கிறது. கேமரா அங்கே ஓடவில்லை. அடித்தள அறையிலேயே, காயம்பட்ட பறவையின் பக்கத்திலேயே இருக்கிறது. ஜன்னல் வழியாக வரும் சத்தத்தில் நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.

இதைத்தான் கூடத்தில் போட்டேன். பேசுவது இந்தி, திரையின் அடியில் ஆங்கில சப்டைட்டில். அண்ணன் மகள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்ல முயன்றாள். அவள் ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வரிகள் போய்விடும். படத்தின் தொடக்கத்திலேயே இரவு நேரத்துக் குப்பைமேட்டில் எலிகள் ஓடுகிற நீண்ட காட்சி ஒன்று வருகிறது. அதிலேயே அண்ணன் சாய்ந்துவிட்டார். இருபது நிமிடத்தில் அம்மா மெல்ல எழுந்தார். "அந்தப் பருந்து பிழைத்துக்கொண்டால் என்னைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் பூண்டு உரிக்கப் போய்விட்டார்.

அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. படம் அவரைத் தொட்டிருக்கிறது. பருந்தின் மேல் அவருக்குக் கவலை வந்திருக்கிறது. இடையில் எழுத்து வந்து மறித்துக்கொண்டது. பார்க்கவேண்டிய கண் படிக்கத் திணறியது. குறை படத்தின் மேல் இல்லை, அம்மாவின் மேலும் இல்லை. எனக்குப் பிடித்தது எல்லோருக்கும் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் போட்டது என் தவறு.

ஆகவே இந்த முறை முதல் நிபந்தனை மொழி. அம்மாவின் காதில் நேராக விழுகிற மொழியாக இருக்க வேண்டும்.

அந்த நிபந்தனையில் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' உடனே விலகிவிடுகிறது. மலையாளம், இந்தி, மராத்தி என்று மூன்று மொழிகள் அதில் கலந்து ஓடுகின்றன. 2024 இல் கான் விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவுக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு சென்ற இந்தியப் படம் அது. கிராண்ட் பிரீ விருதோடு திரும்பியது. மும்பையில் வேலை பார்க்கும் இரண்டு மலையாளி நர்ஸ்கள், அதே மருத்துவமனையில் சமையல் வேலை செய்யும் ஒரு மராத்திப் பெண். வெளிநாட்டுக்குப் போய்ப் பேச்சே அற்றுப்போன கணவனிடமிருந்து என்று நினைக்கும்படி, அந்த நர்ஸ்களில் ஒருத்தியான பிரபாவுக்கு ஒருநாள் ஜெர்மனியில் செய்த ரைஸ் குக்கர் ஒன்று பார்சலில் வருகிறது. அனுப்பியவர் பெயர் இல்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரை அணைத்துக்கொள்கிறாள். பிரபாவாக நடித்த கனி குஸ்ருதி அந்தக் காட்சியில் அழவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

இந்தப் படம் அண்ணன் மகளுக்கானது. நாளைக்கு அவளும் ஏதோ ஒரு பெருநகரத்தில் இரவுப் பணி முடிந்து ரயிலில் தூங்கிக்கொண்டே அறைக்குத் திரும்பப் போகிறவள். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனையும் பாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க முடியாத காட்சிகள் சில இருக்கின்றன. இரண்டு மணி நேரத்தை நெருங்குகிற நீளம் வேறு. அவளும் நானும் மட்டும் ஓர் இரவு உட்கார்ந்து பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

எலிபன்ட் விஸ்பரர்ஸைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுமார் நாற்பது நிமிடம், பேசுவது தமிழ், இடம் முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாம். தாயை இழந்த ரகு என்ற குட்டியானையை வளர்க்கும் பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை. கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கி, 2023 இல் குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. நிபந்தனைகள் அத்தனைக்கும் பொருந்துகிறது: மொழி, நீளம், பையனுக்குப் பிடிக்கும் யானை, அம்மாவுக்குப் பிடிக்கும் பெள்ளி. அண்ணன்கூடத் தூங்கமாட்டார்.

இருந்தும் மனம் ஒப்பவில்லை. விருது வந்த வாரத்தில் எங்கள் வீட்டில் பாதிப் பேர் தனித்தனியே பார்த்துவிட்டார்கள் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அந்தப் படம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. பொன்னிற வெயில், பனிமூட்டம், எந்த இடத்தில் நெகிழ வேண்டும் என்று சொல்லிவிடும் இசை. ரகுவை வேறொருவரிடம் ஒப்படைக்கும் இடத்தில் நானும் கண் கலங்கினேன். கலங்கி, துடைத்துக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தேன். அடுத்த நாள் அது என்னோடு இல்லை. பெள்ளியின் முகம் மட்டும் இருந்தது. முதல் கணவனைப் புலிக்கும், மகளைச் சாவுக்கும் கொடுத்த பெண் அவர். அந்த முகத்தில் இன்னொரு படம் இருக்கிறது. அந்த முகத்தின் முன்னால் கேமரா இன்னும் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்திருக்கலாம் என்பது என் எண்ணம். இப்படிப்பட்ட படங்களைப் பார்க்கத் தொடங்குகிறவருக்கு இதை முதலில் கொடுத்தால், ஆவணப்படம் என்றாலே அழகான விலங்குகள் வருகிற படம் என்றுதான் பதியும். அடுத்த படத்துக்கு அது வழி திறந்துவிடாது.

இடையில் ஆறாவதாகச் 'சேத்துமான்' படத்தையும் எடுத்து வைத்தேன். பெருமாள்முருகனின் சிறுகதையிலிருந்து இயக்குநர் தமிழ் எடுத்தது, 2022 இல் ஓடிடியில் வந்தது. பேரனைத் தோளில் வைத்து வளர்க்கும் பூச்சியப்பன் தாத்தாவை மறக்க முடியாது. பன்றியை அறுத்துப் பங்கு போடும் காட்சி நீளமானது, கதைக்கு இன்றியமையாதது. அண்ணி மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர். அவரை அந்தக் காட்சியின் முன்னால் உட்காரவைக்க எனக்கு விருப்பமில்லை. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று எடுத்து வைத்துவிட்டேன்.

மீதி இருப்பவை வினோத்ராஜின் இரண்டு படங்கள். உண்மையான போட்டி இங்கேதான்.

கொட்டுக்காளியை நானும் என் கணவரும் 2024 ஆகஸ்டில் தியேட்டரிலேயே பார்த்தோம். வேறு சாதிப் பையனை விரும்புகிறாள் என்பதற்காக, மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டிய ஒரு குடும்பம், அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பூசாரி ஒருவரிடம் போகிறது. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற முறை மாமன் பாண்டி பைக்கில் பின்தொடர்கிறான். ஒரு பகல், ஒரு பயணம், அவ்வளவுதான். பாண்டியின் தொண்டையில் சுண்ணாம்பு தடவியிருக்கிறது. கத்திக் கத்திக் குரல் கட்டிப்போயிருக்கிறது. படம் முழுக்க அந்தக் கரகரத்த குரலில்தான் சூரி பேசுகிறார். மீனாவாக வரும் அன்னா பென் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. கத்துகிறவனுக்குக் குரல் போய்விட்டது, பேசாதவளிடம் குரல் பத்திரமாக இருக்கிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பின்னணி இசை கிடையாது. ஆட்டோவின் உறுமல், காலைக் கட்டிய சேவலின் படபடப்பு, காற்று, தூரத்து ஒலிபெருக்கி.

பாதையை மறித்துக்கொண்டு ஒரு காளை நிற்கும் காட்சி ஒன்று வருகிறது. அத்தனை ஆண்களும் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தவர்கள், பக்கத்தில் போகத் தயங்குகிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து காளையைக் கூட்டிக்கொண்டு போகிறாள். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்திலேயே அமைதியானார்கள்.

படம் முடிந்ததும் எனக்குப் பின்வரிசையில் ஒருவர், "முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். முடிவை இயக்குநர் நம் கையில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். வண்டியில் திரும்பும்போது கோரிப்பாளையம் வரைக்கும் என் கணவர் ஒன்றும் பேசவில்லை. சிக்னலில் நின்றபோது, "பாண்டி திரும்பிப் போயிருப்பான்" என்றார். "போயிருக்க மாட்டான்" என்றேன். வீட்டுக்கு வந்தும் பன்னிரண்டு மணி வரைக்கும் அதே பேச்சு. கல்யாணமாகிப் பதினாறு வருடங்களில் ஒரு படத்தைப் பற்றி நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

பிறகு ஏன் அதையே போடக்கூடாது? மொழி நம் மொழி. அதிலும் மதுரைப் பக்கத்துப் பேச்சு. அண்ணனுக்குச் சூரியைப் பிடிக்கும், பெயரைச் சொன்னாலே வந்து உட்காருவார். வினோத்ராஜ் தேர்ந்து கைகூடிய படம் என்றும் சொல்லலாம். கூழாங்கல்லைவிட இதில் மனிதர்கள் அதிகம், சிரிப்பும் அதிகம், சிக்கலும் அதிகம். எத்தனை முறை எடைபோட்டாலும் இந்த இடம்வரை கொட்டுக்காளிதான் முன்னால் நிற்கிறது.

தயங்கவைப்பது எங்கள் சோபா. அதில் அண்ணனும் அவர் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். அவளுக்கு 19 வயது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பிரச்சினை எதுவும் இல்லை. நாளைக்கு வந்தால் அண்ணன் எப்படி நடந்துகொள்வார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கே தெரியுமா என்பதும் தெரியாது. பாண்டி கோபத்தில் பெண்களை அடித்துப் போடும் காட்சி வருகிறபோது, அந்தக் கூடத்தில் யாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. மகள் தகப்பன் முகத்தைப் பார்ப்பாள். அண்ணி இருவர் முகத்தையும் பார்ப்பார். படம் பார்க்கக் கூடிய இடம் பஞ்சாயத்து கூடிய இடமாகிவிடும். தியேட்டரின் இருட்டில் முன்பின் தெரியாதவர்களோடு பார்த்தபோது எனக்குக் கிடைத்த சுதந்திரம் அவர்களுக்குக் கிடைக்காது. முடிவு தெரியாமல் நிற்பதற்கு, அந்தத் தெரியாமையை ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் வரவில்லை. வந்த பிறகு கட்டாயம் போடுவேன். அண்ணன் அதைப் பார்க்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒலியின் சங்கடமும் உண்டு. இசையில்லாத படத்துக்குச் சுற்றிலும் அமைதி வேண்டும். எங்கள் கூடத்தில் மின்விசிறி சத்தம், தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். அந்தச் சேவல் படபடப்பதெல்லாம் அதில் கரைந்துவிடும்.

இனி கூழாங்கல். வினோத்ராஜின் முதல் படம். 2021 இல் ரோட்டர்டாம் விழாவின் ஐம்பதாவது ஆண்டில் டைகர் விருது பெற்றது. அந்த விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படம். அதே ஆண்டு ஆஸ்காருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. தியேட்டருக்கு வரவில்லை, 2023 அக்டோபர் இறுதியில் சோனிலிவ் தளத்தில் வெளியானது. நீளம் ஏறக்குறைய 75 நிமிடம். அம்மாவின் முழங்கால் தாங்குகிற நீளம்.

கணபதி என்ற குடிகாரன் பள்ளிக்கூடத்துக்குப் போய் மகன் வேலுவை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைக் கூட்டிவர வேண்டும். போகும்போது பஸ். திரும்பி வருவதற்கான பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். ஆகவே பதின்மூன்று கிலோமீட்டர் நடை, உச்சி வெயிலில், மரமில்லாத பொட்டலில். தகப்பன் முன்னால் போகிறான், மகன் பின்னால் வருகிறான். கதை இவ்வளவுதான். இயக்குநரின் சொந்த அக்காவுக்கு நடந்ததிலிருந்து பிறந்த கதை இது: கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட அவர் கைக்குழந்தையோடு இதே தூரம் நடந்து தாய்வீடு வந்தாராம். அக்கா நடந்த தூரத்தைத் திரையில் அந்தக் கணவனை நடக்கவைத்திருக்கிறார் தம்பி. இதை அறிந்த பிறகு இரண்டாவது முறை பார்த்தபோது, வெயில் எனக்கு வேறு மாதிரி சுட்டது.

வேலுவாக வரும் செல்லப்பாண்டி படத்தில் பேசுவது மிகக் குறைவு. ஓரிடத்தில் அவன் கையில் ஒரு கண்ணாடித் துண்டு அகப்படுகிறது. வெயிலை அதில் பிடித்து, முன்னால் நடக்கிற அப்பாவின் முதுகில் பாய்ச்சுகிறான். சூடு உறைத்துக் கணபதி திரும்பிப் பார்த்தால், பையன் ஒன்றும் தெரியாதவன் போல நிற்கிறான். அடிக்க ஓங்கிய கைக்குப் பதிலாக அவனிடம் இருப்பது அந்தத் துண்டு வெளிச்சம் மட்டும். எங்கள் வீட்டு ஏழாம் வகுப்புக்காரனுக்கு இந்தக் காட்சி ஒன்று போதும்.

எதிர்வாதங்களையும் மறைக்காமல் எண்ணிப் பார்த்தேன். நடை நடையென்று நடக்கிற படம். கேமரா பல நிமிடங்கள் முதுகுக்குப் பின்னாலேயே போகிறது. அண்ணன் தூங்கிவிடக்கூடும். பையனை அடிக்கிற காட்சிகள் இருக்கின்றன, கெட்ட வார்த்தைகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி அண்ணியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "தெருவில் கேட்காததா? அவனிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றார். எலி வளையில் புகைபோட்டு, எலி பிடித்துச் சுட்டுத் தின்கிற ஒரு குடும்பமும் வருகிறது. சேத்துமானுக்குச் சொன்ன காரணம் இதற்கும் பொருந்தாதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். இது நொடிகளில் கடந்துபோவதில்லை என்றாலும், அந்தக் குடும்பத்தின் முகத்தில் இருக்கிற பசிதான் கண்ணில் நிற்கிறது. அண்ணியால் அதைத் தாங்க முடியும் என்று நம்புகிறேன்.

அண்ணனைப் பற்றி இன்னொன்று நினைவுக்கு வந்தது. சிறுவயதில் கோடை விடுமுறைக்குப் பாட்டி ஊருக்குப் போவோம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். தார் இளகிச் செருப்பில் ஒட்டிக்கொள்ளும். பாதி வழியில் செருப்பு அறுந்துபோனால் அண்ணன் என்னை முதுகில் ஏற்றிக்கொள்வார். அந்தப் பொட்டல், அந்த வெள்ளை வெளிச்சம், தூரத்தில் தெரிகிற கல்மலை எல்லாம் இந்தப் படத்தில் இருக்கின்றன. படம் எடுக்கப்பட்டது அதே மேலூர் வட்டாரத்து மண்ணில். கணபதியின் முதுகைக் கேமரா பின்தொடர்கிறபோது, அண்ணனின் கால்களுக்கு அது தெரிந்த தூரமாக இருக்கும். தெரிந்த தூரத்தைப் பார்த்து அவர் தூங்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

இந்த யோசனைதான் கடைசியில் என்னை ஒரு பக்கம் சாய்த்தது. இப்படிப்பட்ட படம் பார்த்துப் பழகாதவருக்கு எளிதான படத்தை முதலில் கொடுக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். எளிமையைவிட, அவர்களுக்குத் தெரிந்த மண்ணில் நடக்கிறதா என்பதைப் பார்க்கத் தோன்றுகிறது இப்போது. மெதுவாக நகரும் காட்சியில் பார்வையாளர் வெறுமனே காத்திருந்தால் சலிப்பு வரும். அந்தக் காட்சிக்குள் அவருக்குச் சொந்தமான ஏதாவது கிடந்தால், அதைத் தேடி எடுக்க அந்த மெதுவான நேரமே பற்றாது. டெல்லிப் பருந்துகள் எனக்கு எவ்வளவு நெருக்கம் என்றாலும், அம்மா இதுவரை டெல்லியைப் பார்த்ததில்லை. ஆனால் கூழாங்கல்லின் முடிவில் தரையில் தோண்டிய ஒரு குழியைச் சுற்றிப் பெண்கள் குடங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஊறுகிற தண்ணீரை ஒருத்தி கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு ஊற்றுகிறாள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். காட்சி நீள்கிறது. அம்மா சிறுமியாக இருந்தபோது, சித்திரையில் கண்மாய் வற்றியதும் அதன் வயிற்றிலேயே ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பிய கதையைச் சொல்லியிருக்கிறார். ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்கள் ஏழு பேரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்தக் காட்சி எவ்வளவு நீண்டாலும் அவருக்கு நீளமாக இருக்காது. பையன் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டால் பதில் சொல்ல அவர் இருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. கணபதியின் மனைவி சாந்தியை இந்தப் படத்தில் தேடத்தான் வேண்டும். பெரும்பாலும் திரைக்கு வெளியேதான் இருக்கிறாள். எல்லோரும் அவளைப் பற்றித்தான் கத்துகிறார்கள். கொட்டுக்காளியின் மீனா ஆட்டோவுக்குள் கண்முன்னே உட்கார்ந்து பேசாமல் இருக்கிறாள். சாந்தி கண்ணுக்கே அகப்படாமல் இருக்கிறாள். இந்த இரண்டு பெண்களையும் அடுத்தடுத்துப் பார்க்கிறபோதுதான் வினோத்ராஜ் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பிடிபட்டது. கூழாங்கல்லை முதலில் பார்த்துவிட்டால், சில மாதம் கழித்துக் கொட்டுக்காளிக்கு வரும்போது அண்ணனுக்கும் பாண்டியைக் கொஞ்சம் முன்பே தெரிந்திருக்கும். கணபதியின் மேல் கோபப்பட்டுப் பழகிய பிறகு பாண்டியைப் பார்ப்பது வேறு. சோபாவில் பக்கத்தில் இருக்கும் மகளுக்கும் அது நல்லது.

ஆக, இந்த ஞாயிறு கூழாங்கல். ஆறரை மணிக்கு. சூரியன் சாய்ந்த பிறகுதான் மேற்கு ஜன்னலின் வெளிச்சம் திரையில் விழாது. அந்தப் படத்தின் வெயிலைப் பார்க்க எங்கள் கூடம் இருட்டாக இருக்க வேண்டும். மின்விசிறியைக் குறைத்து வைக்க வேண்டும். அண்ணனுக்குச் சாய்வு நாற்காலி கிடையாது, சோபாதான். அம்மாவுக்குக் கால் நீட்டிக்கொள்ள ஒரு முக்காலி.

நேற்றுச் சாயங்காலம் அம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். "இந்த வாரம் என்ன படம்? மறுபடியும் பருந்தா?" என்று கேட்டார். இல்லை, நம் ஊர்ப் பக்கத்துப் படம், ஓர் அப்பாவும் மகனும் வெயிலில் நடந்துவருகிற கதை என்றேன். பெயர் என்ன என்றார். சொன்னேன்.

அம்மாவின் கை நின்றது. "தாகத்துக்கு வாயில் போட்டுக்கொள்வோமே, அந்தக் கல்லா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரே பார்க்கட்டும்.